மரத்துக்குச் சான்றிதழ் இருக்கு, காசுக்கு?

கோயில் ரியூப் லைற்றில் ‘உபயம்’ என்று பெரிசாக எழுதி, அந்த எழுத்தே பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுகிற பகிடி எங்கள் எல்லாருக்கும் தெரியும். காசு குடுத்தவருக்கு லைற் எரியிறதை விடப் பெயர் தெரியிறதுதான் முக்கியம் எண்டு சொல்லிச் சிரிப்பம். இதே பழக்கத்தை விலைப்பட்டியல் போட்டு, ஒப்பந்தம் எழுதி, தனி அலுவலகம் வைத்து நடத்துகிறவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்.

அங்கே ஒரு புதுக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்ட முதலே பட்டியல் வந்துவிடும். முழுக் கட்டடமும் உங்கள் பெயரில் வேணுமெண்டால் இவ்வளவு மில்லியன் டொலர். விரிவுரை மண்டபம் இவ்வளவு. வாசிப்பறை, மாடிப்படி, முற்றம், முற்றத்தில் இருக்கிற வாங்கு, எல்லாத்துக்கும் ஒவ்வொரு விலை. இதற்கு அவர்கள் வைத்திருக்கிற சொல்லைத் தமிழில் சொன்னால் ‘பெயரிடும் வாய்ப்பு’. வாய்ப்பாம்! முழுக் கட்டடத்துக்கும் பெயர் வைக்க, கட்டுமானச் செலவில் ஏறத்தாழப் பாதியைத் தரவேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். மிச்சத்தை அறை அறையாக விற்றுச் சேர்ப்பார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு முதலீட்டாளர் 25,000 டொலர் குடுத்து ஆண்கள் கழிவறை ஒன்றுக்குத் தன் பெயரைப் போட்டிருக்கிறார். அந்த மனிசனுக்குப் பகிடி விளங்கியிருக்கு எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

இந்த வியாபாரத்துக்கு நியாயம் இல்லாமலில்லை. மின்சாரக் கட்டணம் கட்டவோ ஒழுகிற கூரையைத் திருத்தவோ ஒருவரும் நன்கொடை தரமாட்டார்கள். கல்லில் பெயர் வெட்டுவம் எண்டால் தருவார்கள். கட்டடம் எழும்புது, பிள்ளைகள் படிக்குது, இதில என்ன பிழை எண்டு கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு யேல் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக்குள் போனோம். யேலை எடுத்ததுக்குக் காரணம் இரண்டு. உலகத்தில் பேசப்படுகிற நிலைபேறான பல்கலைக்கழகக் கட்டடங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரே சென்னைப் பட்டினத்தில் சேர்ந்த காசுக்கு விற்கப்பட்ட பெயர்.

முதலில் கட்டடம். க்ரூன் ஹோல், 2009இல் திறக்கப்பட்டது. சுற்றுச்சூழலையும் காடுகளையும் பற்றிப் படிப்பிக்கிற பீடத்தின் வீடு அது. செலவு 33.5 மில்லியன் டொலர். பெரிய நன்கொடை தந்த பழைய மாணவர், 1964இல் படிப்பு முடித்த றிச்சார்ட் க்ரூனின் பெயர் முகப்பில் இருக்கிறது. உள்ளே போனால் மேல்மாடி மண்டபத்துக்கு இன்னொருவர் பெயர், சுற்றுச்சூழல் நிலையத்துக்கு இன்னொருவர் பெயர்.

கட்டடத்தைப் பற்றி உண்மையாகவே பெருமைப்படலாம். அந்தப் பக்கத்துப் பழைய தானியக் கொட்டில் மாதிரி வளைந்த கூரையோடு நீளமாகவும் ஒடுக்கமாகவும் கட்டியிருக்கிறார்கள். நீளப் பக்கம் தெற்கைப் பார்க்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக வரும்போது வெயில் உள்ளே வரவேண்டும் என்பதுக்காக. கூரையில் 100 கிலோவாற் சோலர். நிலத்துக்குள் 1500 அடி ஆழத்துக்கு நான்கு கிணறு தோண்டி, நிலத்தடி வெப்பநிலையை வைத்தே குளிரையும் சூட்டையும் சமாளிக்கிறார்கள். மழைத்தண்ணியைப் பிடித்துக் கழிவறைக்கு விடுகிறார்கள். யன்னலை எப்ப திறக்கலாம், எப்ப சாத்தவேணும் எண்டு சொல்ல நிற விளக்கு. பசுமைக் கட்டடங்களுக்குப் புள்ளி போடுகிற லீட் என்ற அமெரிக்க முறையில் அதற்குக் கிடைத்தது ஆக உயர்ந்த ‘பிளற்றினம்’ தரம்.

எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது சுவர்ப் பலகை. உள்ளே போட்டிருக்கிற சிவப்பு ஓக் பலகைகளில் பாதி யேலுக்குச் சொந்தமான யேல்-மயர்ஸ் காட்டிலிருந்து வந்தவை. அந்தக் காட்டுக்குச் சான்றிதழ் இருக்கிறது. மரம் எந்தக் காட்டில் வெட்டுப்பட்டது, எந்த ஆலையில் அறுபட்டது, எந்தக் கையால் எந்தக் கைக்கு மாறியது என்று கடைசிவரை எழுத்தில் காட்டினால்தான் இப்படியான சான்றிதழ் செல்லும். கட்டுமானப் பொருள் 500 மைல் சுற்றுவட்டத்துக்குள் இருந்து வந்தால் அந்தக் காலத்து லீட் முறையில் தனிப் புள்ளி இருந்தது. பலகைக்கு இவ்வளவு பிறப்பு வளர்ப்பு பார்க்கிறார்கள். பலகை வாங்கின காசு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு பெட்டியும் இல்லை.

க்ரூன் ஹோலுக்குப் பக்கத்திலேயே சேஜ் ஹோல் நிற்கிறது. அதுவும் இதே பீடத்துக்காக 1920களில் கட்டப்பட்டது. வில்லியம் சேஜ் என்ற பழைய மாணவர் இறந்துபோன தன் மகனின் நினைவாகக் குடுத்தது. அவருடைய தகப்பன் ஹென்றி சேஜ், மிச்சிகன் காடுகளின் பைன் மரத்தை அறுத்து விற்றுப் பெரும் பணக்காரரானவர். இன்னும் பின்னால் போனால் இந்தப் பீடமே 1900இல் பின்ஷோ குடும்பத்தின் 150,000 டொலரோடு ஆரம்பித்தது. ஜேம்ஸ் பின்ஷோ சுவருக்கு ஒட்டுகிற தாள் விற்றுச் சம்பாதித்தவர். அவருடைய தகப்பன் பென்சில்வேனியாவில் காடு வெட்டி மரம் விற்றவர். மகன் கிஃபர்ட் பின்ஷோ அமெரிக்காவின் வனப் பாதுகாப்புக்கு முன்னோடியானவர். காட்டை வெட்டின காசு காட்டைக் காப்பாற்றப் படிப்பிக்குது. இதைப் பாவமன்னிப்பு எண்டும் சொல்லலாம், நல்ல முதலீடு எண்டும் சொல்லலாம். அந்தக் குடும்பத்துக்குள்ளேயே வெட்டினதைப் பற்றிய குற்ற உணர்ச்சி இருந்தது என்று எழுதுகிறார்கள். ஆனால் இந்தக் கதை பெயர்க்கல்லில் வராது. ‘சேஜ்’ என்ற எழுத்து மட்டும்தான் கல்லில் நிற்கும். வெட்டுப்பட்ட பைன் மரம் அதுக்குள்ள இல்லை.

இனி 1718. கனெக்ரிக்கட் குடியேற்றத்தில், மதகுருமாரை உருவாக்க 1701இல் தொடங்கின ஒரு சின்னப் பாடசாலை. இடம் மாறி மாறி அலைந்து கடைசியில் நியூ ஹேவனுக்கு வந்து ஒரு மரக் கட்டடம் எழுப்புகிறது. முடிக்கக் காசில்லை. லண்டனில் அந்தக் குடியேற்றத்தின் முகவராக இருந்தவர் ஜெரமையா டம்மர். அவர் ஏற்கெனவே ஊருக்கு எழுதியிருந்தார்: இங்கே யேல் எண்டு ஒருத்தர் இருக்கிறார், முந்தி இந்தியாவில் சென் ஜோர்ஜ் கோட்டைக்கு ஆளுநர், சொத்து எக்கச்சக்கம், ஆண் பிள்ளை இல்லை, வாரிசாக வைத்துக்கொள்ள கனெக்ரிக்கட்டில் சொந்தக்காரப் பெடியன் ஒருத்தனைத் தேடுறார் எண்டு. இன்றைக்கு நன்கொடை அலுவலகங்கள் கணினியில் வைத்திருக்கிற குறிப்புகளும் கிட்டத்தட்ட இதே மாதிரித்தான் இருக்கும்.

பிறகு பொஸ்ரனில் இருந்த பிரபல மதகுரு கொட்டன் மேதர் யேலுக்குக் கடிதம் எழுதினார். சுருக்கமாகச் சொன்னால், நியூ ஹேவனில் உருவாகிறது உங்கள் பெயரைத் தாங்கலாம், அது மகன் மகளை விட நல்லாய் உங்கள் பெயரைச் சொல்லும், எகிப்தின் பிரமிட்டை விட மேலான நினைவுச்சின்னமாய் இருக்கும் என்று ஆசைகாட்டினார். பெயரிடும் வாய்ப்பு என்ற சொல் பிறக்க எவ்வளவோ முதலே அதன் விற்பனைக் கடிதம் எழுதப்பட்டாயிற்று. மகனைப் பற்றின அந்த வார்த்தை சும்மா வந்த உவமை இல்லை. யேலுக்கு டேவிட் என்று ஒரு மகன் பிறந்து சின்ன வயசிலேயே சென்னையில் இறந்துபோனான். அவன் புதைக்கப்பட்ட கூர்ங்கோபுரக் கல்லறை இப்பவும் சென்னை உயர் நீதிமன்றப் பக்கம், பழைய சட்டக் கல்லூரி வளவில் நிற்கிறது.

யேல் அனுப்பினது ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகம், முதலாம் ஜோர்ஜ் மன்னரின் ஒரு படம். பொதிகளுக்குள் மஸ்லின், கலிக்கோ, பட்டு எல்லாம் இருந்தது. கலிக்கோ என்ற சொல்லே கோழிக்கோட்டிலிருந்து போனது. சரக்கை விற்று வந்த காசு 562 பவுணும் சில்லறையும். அந்த மரக் கட்டடத்துக்கு ‘யேல் கொலேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். முதலில் கட்டடத்துக்கு மட்டும்தான். கட்டடத்தின் பெயர் மெல்ல மெல்ல நிறுவனத்துக்கு ஏறி, 1745 பட்டயத்தில் உறுதியானது. அந்த மரக் கட்டடம் 18ஆம் நூற்றாண்டு முடிய முதலே இடிக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் முந்நூறு வருசத்தைத் தாண்டி நிற்கிறது. கட்டடப் பொருள்களுக்குள் ஆகலும் நிலைபேறானது பெயர்தான் போல!

புத்தகம் சேர்த்துக் குடுத்ததில் யேலை விட டம்மர் கூடச் செய்தவர். 800க்கும் மேற்பட்ட புத்தகங்களை அனுப்பிவைத்தார். அவருடைய பெயரை ஏன் வைக்கவில்லை? ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ‘இன்னும் பெரிய மடையன்’ என்று காதில் விழும். பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாது எண்டு அங்கத்தைய ஆக்களே பகிடி விடுவார்கள்.

இந்த எலிஹு யேல் யார்? 1649இல் பொஸ்ரனில் பிறந்து, சின்ன வயசிலேயே இங்கிலாந்துக்குப் போய், 1672இல் கிழக்கிந்தியக் கம்பனி எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். 1687 முதல் 1692 வரை அங்கே ஆளுநர். சம்பளத்தில் பணக்காரரானவர் இல்லை. தன் கணக்கில் நடத்தின வியாபாரத்தில், முக்கியமாக வைர வியாபாரத்தில் சேர்த்தார். கடைசியில் அந்தச் சொந்த வியாபாரம் பற்றின குற்றச்சாட்டுகளோடுதான் கம்பனி அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. அவருடைய காலத்தில், 1690இல், கம்பனி கூடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கினது. பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரமெல்லாம் வாங்கினவருக்குச் சேரும் என்பது பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களைக் ‘குண்டு கிராமங்கள்’ என்று சொல்லுவார்கள். கோட்டைக்கு வைத்த பெயர் சென் டேவிட். யேலின் குடும்பம் வேல்ஸ் நாட்டுக் குடும்பம், டேவிட் அந்த நாட்டின் புனிதர், செத்துப்போன மகனின் பெயரும் அதுதான். பெயர் வைக்கிறதின் அருமை தெரிந்த ஆள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

1680களில் சென் ஜோர்ஜ் கோட்டையிலிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றவேண்டும் என்று கட்டளையிட்ட சபைக் கூட்டத்தில் யேல் இருந்தார். 1688இல், அவருடைய ஆளுநர் காலத்திலேயே, ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதும் உண்மை. அதுக்குப் பின்னால் முகலாய அதிகாரிகளின் அழுத்தம் இருந்தது. கப்பலேறினவர்கள் யார்? பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களும் பிடிக்கப்பட்டவர்களுமான இந்தக் கரையோரத்துச் சனம். எங்களுடைய மொழியைக் கதைத்தவர்கள் அதில் எத்தனை பேர் எண்டு எண்ணிப் பார்க்காமல் இருக்க எங்களால் முடியவில்லை.

யேல் பல்கலைக்கழகத்திடம் ஒரு ஓவியம் இருக்கிறது. 1719 அளவில் வரைந்தது. எலிஹு யேலும் குடும்பத்து ஆண்களும் மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கறுப்புச் சிறுவன் நிற்கிறான். வயசு பத்தளவில் இருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கழுத்தில் பூட்டுப் போட்ட உலோக வளையம். 2020இல் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அந்தச் சிறுவன் யார் என்று தேடத் தொடங்கினார்கள். 2022இல் திரும்ப மாட்டினார்கள். மேசையில் இருக்கிறவர்களின் பெயர்களை வைத்து எவ்வளவோ எழுதலாம். சிறுவனின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

2024 பெப்ரவரியில் அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. கூடவே டேவிட் பிளைற் எழுதிய விரிவான வரலாற்றுப் புத்தகமும் வந்தது. வளாகத்தில் ஆகப் பழைய கட்டடமான கனெக்ரிக்கட் ஹோலை 1750களில் எழுப்பின ஆட்களுக்குள் அடிமைகளும் இருந்தார்கள் என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. 2017இல், அடிமைமுறைக்காக வாதாடின ஜோன் கல்ஹூனின் பெயரைத் தாங்கின மாணவர் விடுதிக்குக் கணினி விஞ்ஞானி கிறேஸ் ஹொப்பரின் பெயரை வைத்தார்கள். இன்னொரு பக்கம், 2019இல் ரவ்ற்ஸ் பல்கலைக்கழகம், போதை தருகிற வலிமருந்து விற்ற காசுக்காகச் சக்லர் குடும்பத்தின் பெயரைக் கட்டடங்களிலிருந்து கழற்றியது. அப்ப யேல் என்ற பெயர்? கல்ஹூன் ஒரு விடுதியின் பெயர், கழற்றலாம். யேல் என்றது இப்ப பட்டம், சின்னம், ரீசேட், எல்லாமாகிவிட்டது. 562 பவுணுக்கு வாங்கினது இனி எவ்வளவு குடுத்தாலும் திரும்ப வராது.

இதெல்லாம் அமெரிக்காக்காரன்ர பிரச்சினை எண்டு விடலாமெண்டால், யாழ்ப்பாணத்துக்கும் அதே வழக்கம் வந்திருக்கிறது. இங்கே விலைப்பட்டியலில் ஏறினது கட்டடம் இல்லை, பிள்ளைகள்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க இலங்கை மிஷன், பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கப் பாடசாலைகள் தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டை செமினறி. காசு பெரும்பாலும் அமெரிக்கச் சபைகளிலிருந்தும் தனி ஆட்களிடமிருந்தும் வரவேணும். வருசத்துக்கு இவ்வளவு தந்தால் ஒரு பிள்ளையின் செலவு உங்களுடையது, பிள்ளைக்கு நீங்கள் சொல்லுகிற பெயர். மிஷனின் மாத இதழில் நன்கொடைப் பட்டியலைப் புரட்டினால் இலங்கையில் இன்ன பெயருடைய பிள்ளைக்கு இவ்வளவு டொலர் என்று வரிவரியாக வரும். கடல் தாண்டியிருந்த ஒரு பாதிரியாரின் பெயரோ, செத்துப்போன ஒரு உறவினரின் பெயரோ, மானிப்பாயிலோ தெல்லிப்பழையிலோ பிறந்த பிள்ளையின் மேல் ஒட்டப்பட்டது.

சதாசிவம்பிள்ளை ‘ஆர்னல்ட்’ ஆனார். சிதம்பரப்பிள்ளை ‘நெவின்ஸ்’ ஆனார். விசுவநாதபிள்ளை ‘கறோல்’ ஆனார். இந்த மூன்று பேரையும் தமிழ் படிக்கிற எங்களுக்குத் தெரியும். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை உதயதாரகையின் ஆசிரியர், 1886இல் பாவலர் சரித்திர தீபகம் எழுதியவர். நெவின்ஸ் தமிழில் தர்க்கம் எழுதினார். கறோல் தமிழில் அட்சரகணிதம் எழுதினார், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளில் ஒருவர். மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. இவர்களுடைய படிப்புக்குக் காசு அனுப்பின ஆக்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அந்தக் காசு இல்லாவிட்டால் அந்தப் புத்தகங்களும் வந்திராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. அவர்கள் தகப்பன் வைத்த பெயரை விடவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். நன்கொடையாளரின் பெயர் முன்னால் ஒரு அடைமொழி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. இன்றைக்கு ஆர்னல்ட் என்றால் எங்களுக்கு நினைவு வருகிறது சதாசிவம்பிள்ளைதான். அந்த முதல் ஆர்னல்ட் யாரென்று கேட்பவர் இல்லை.

குடுத்ததைக் கல்லில் வெட்டுகிற பழக்கத்தில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடு என்று திரும்பத் திரும்ப வரும். யார் குடுத்தது என்பதோடு கல்வெட்டு நிற்காது. ஆட்டை எந்த இடையர் பொறுப்பெடுத்தார், நாளுக்கு எவ்வளவு நெய் அளக்கவேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் ஒரு படி மேலே போகிறான். சேரனையும் பாண்டியரையும் வென்று எடுத்துவந்த பொருளிலிருந்து குடுத்தது என்று வெளிப்படையாகவே வெட்டிவைத்திருக்கிறான். அதைப் பெருமையாகத்தான் எழுதினான், ஒப்புதல் வாக்குமூலமாக இல்லை. கொள்ளையைக் கொள்ளை எண்டு மறைக்காமல் எழுதின துணிவாவது அதில் இருக்கு. 33.5 மில்லியன் டொலர்க் கட்டடத்தின் கல்லில் அந்த அளவு விபரமும் கிடையாது.

எங்கட பக்கத்தில் கதை வேறு மாதிரி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கின திருநெல்வேலி வளவு, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவின பரமேஸ்வராக் கல்லூரியுடையது. அந்தக் கல்லூரிக்கு அவர் வைத்தது கடவுளின் பெயர். கைலாசபதி கலையரங்கு நன்கொடையாளர் பெயரைத் தாங்கினதில்லை. அது அந்த வளாகத்தின் முதல் தலைவரின் பெயர். மற்றப்படி அரச பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குக் காசு குடுத்தது இந்த நாட்டில் வரி கட்டுகிற எல்லாரும். தேயிலை பறிக்கிறவர் வாங்குகிற சவர்க்காரத்திலும், எங்கட அம்மா போடுகிற போன் ரீலோட்டிலும் அந்த வரி இருக்கு. அந்த ஆக்களின் பெயரை நாங்கள் எந்தப் பெயர்க்கல்லிலும் கண்டதில்லை.

ஆனால் 2022க்குப் பிறகு அரசிடம் காசில்லை. பழைய மாணவர்களும் வெளிநாட்டில் இருக்கிற உறவுகளும் குடுப்பது இனிக் கூடிக்கொண்டுதான் போகும். சோலர் போட்ட, மழைத்தண்ணி பிடிக்கிற கட்டடம் ஒன்று எங்கட பீடத்துக்கும் வரட்டும், வந்தால் சந்தோசம்தான். பெயர் வைக்கவேண்டாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. கல்லில் இன்னும் நாலு வரிக்கு இடம் விடுங்கோ என்றுதான் கேட்கிறோம். மொத்தச் செலவு எவ்வளவு, அதில் இவர் தந்தது எவ்வளவு, வரிப்பணம் எவ்வளவு என்று ஒரு வரி. தந்தவர் அதை எந்தத் தொழிலில் சம்பாதித்தார் என்று ஒரு வரி. கட்டின மேசன்மார், கூலியாட்களின் பெயருக்கு ஒரு வரி. கடைசி வரியில் ஒரு திகதி, இந்தப் பெயர் எந்த வருசம் வரைக்கும் என்று. அமெரிக்காவிலேயே இப்ப பல நன்கொடை ஒப்பந்தங்களில் வருசக் கணக்கும், என்ன நடந்தால் பெயரைக் கழற்றலாம் என்ற நிபந்தனையும் எழுதுகிறார்கள். எங்கட ஒப்பந்தம் எழுதப்படும்போது மாணவர் பிரதிநிதி ஒருவரும் அந்த மேசையில் இருக்கவேணும்.